சாந்தினி சார்பாக, சாந்தினிக்குத் தெரியாமல்

பெர்மாஸ் ஜெயா, ஜொகூர்.
வெள்ளிக்கிழமை, பசியாறி முடித்த கையோடு.

ஊரார் இரத்தத்தையெல்லாம் சின்னக் குப்பிகளில் பிடித்து வைத்து அதன் குணம் குற்றம் சொல்லும் சிங்கப்பூர் பரிசோதனைக்கூட மேற்பார்வையாளரும், என் ஒரே தங்கை செல்லத்தின் ஒரே மகளும், ஆகையால் முறைப்படி எனக்கு ஒரே மருமகளுமாகிய சாந்தினி அவர்களின் சமூகத்துக்கு, தாய்மாமன் காளியப்பன் இரு கரம் கூப்பி, மூன்றாவது கரம் ஒன்று இருந்திருந்தால் அதனால் காதையும் பிடித்துக்கொண்டு எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். உன் அத்தை கஸ்தூரியும் நலம். என்னோடு பேசுவதை நிறுத்தியதிலிருந்து அவள் தொண்டை கரகரப்பு போய்விட்டது. உன் அம்மா நலம். அவள் பேசுகிறாள், ஆனால் என்னைப் பார்த்து இல்லை, மேசை விசிறியைப் பார்த்து. நேற்று மத்தியானம்கூட, “ஏ ஃபேனே, எங்கண்ணன் சோறு போட்டுக்கிட்டாரான்னு கேளு” என்றாள். விசிறி இடமும் வலமும் தலையாட்டி இல்லை என்றது. இப்படியாக வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

நீ என் எண்ணை வாட்ஸ்அப்பில் அடைத்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. நான் அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூக்கள் பதினொன்றும் ஒற்றைக் கோட்டோடு சிங்கப்பூர்ப் பாலத்தின் இந்தப் பக்கமே நிற்கின்றன, இமிகிரேசனில் கைரேகை பொருந்தாத ஆள் மாதிரி. ஆகவே பேனாவை எடுத்தேன். இந்தப் பேனா சாதாரணப் பேனா அல்ல என்பது உனக்குத் தெரியும். செடெனாக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்து நாலு வருஷம் எடைமேடைக் கிராணியாகச் சீட்டெழுதி, இந்தப் பேனாவால் நான் எழுதிய ஆங்கிலக் கடிதங்களை நீளவாக்கில் ஒட்டினால் ஜொகூர் பாருவிலிருந்து நிலா வரை போய், அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அப்பேர்ப்பட்ட மனிதனை, “மாமா, உங்களுக்கு ஆன் பிஹாஃப் ஆஃப்-னா என்னான்னே தெரியல” என்று நீ போனில் சொன்னாய் பார், அந்த நிமிஷம் எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று தென்னை மரம் பட்டுப்போயிற்று. நான் கோபிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீ நிதானமாகப் படி.

முதலில் இந்த வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆலை மேலாளர் நல்ல மனிதர், நாற்காலியில் உட்கார்வது மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. லாரி வரும், சீட்டு வரும், கடிதம் வரும், கையெழுத்து வேண்டும், ஆள் இருக்க மாட்டார். “நீயே போட்டுரு காளி” என்பார். மலாய்க் கடிதம் என்றால் என் கையெழுத்துக்கு முன்னால் பி.பி. என்று இரண்டு எழுத்து, அதாவது பாகி பீஹாக், மேலாளர் சார்பாக என்று அர்த்தம். ஆங்கிலக் கடிதம் என்றால் ஆன் பிஹாஃப் ஆஃப் த மேனேஜர். அதற்கென்றே ஒரு ரப்பர் சாப்பு, முத்திரை மாதிரி குத்த, வேறு செய்து கொடுத்தார்கள். முப்பத்து நாலு வருஷம் நான் எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. என் கல்யாணப் பதிவிலேயே பி.பி. என்று போட்டுவிட்டதாகவும், பதிவதிகாரி “யாருக்காக?” என்று கேட்டதாகவும் உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது பொய். அழித்துவிட்டுத்தான் போட்டேன். ஓய்வு பெற்ற நாளில் எல்லாருக்கும் கடிகாரம் கொடுத்தார்கள், நான் சாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு சவர பிளேடை எடுத்து ரப்பரில் இருந்த மேலாளரை மட்டும் சீவி எறிந்தேன். மீதி என்ன நின்றது என்றால், வெறும் ‘சார்பாக’. அதற்கப்புறம் அது உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் சாப்பாகிவிட்டது. தாமான் மக்கள் சார்பாக, கோயில் சார்பாக, சாலையில் உறங்கும் பூனைகள் சார்பாக என்று நான் நகராண்மைக்கு அனுப்பிய மனுக்களால் அங்கே ஒரு தனி அலமாரியே கூன் விழுந்து நிற்கிறதாம்.

இந்தச் சாப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு நாளைக்கு முந்தி ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்துக்குத் தேதி பேச செடெனாக் போனேன். உனக்கு வேலை, உன்னால் வர முடியவில்லை. வேன் கிளம்புமுன் நீ அனுப்பிய செய்தி இப்போதும் என் போனில் இருக்கிறது: “மாமா, தேதி மட்டும் பேசிட்டு வாங்க. வேற ஒன்னும் பேசாதீங்க, ப்ளீஸ்.” நான் அதை மூன்று முறை படித்தேன். முதல் தடவை கட்டளையாகத் தெரிந்தது, இரண்டாம் தடவை வேண்டுகோளாகத் தெரிந்தது, மூன்றாம் தடவை என் மேல் உனக்கு இருக்கும் அளவில்லாத நம்பிக்கையாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை ஜீவன் வீட்டில் வரவேற்பு அமோகம். அவன் அம்மா ராஜம்மா, நல்ல உயரம், குறைந்த பேச்சு, கேசரியில் முந்திரி ஆளுக்கு ஆறு. நம் பக்கமும் அவர்கள் பக்கமும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு இருபத்தெட்டாயிரமாகத் தெரிந்தார்கள். தட்டு மாற்றுமுன் பெண்ணின் தாய்மாமன் எழுந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது நம் வழக்கம், இதை நான் ஏற்படுத்தவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் தட்டு நகராது. சரி, தமிழிலேயே இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருப்பேன், ஆனால் மூலையில் மார்கஸ் வாத்தியார் இருந்தார். நம் பக்கத்து வீட்டுக்காரர்தான், வேனில் இடம் இருக்கிறதே என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஆள் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் பேசினால் நமக்கு ஆங்கிலம் வராதென்று நினைத்துவிட மாட்டாரா? ஆகவே எழுந்தேன், சட்டையை இழுத்துவிட்டேன், “ஆன் பிஹாஃப் ஆஃப் மை நீஸ் சாந்தினி” என்று ஆரம்பித்தேன். கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. ரோட்டில் போன செம்பனை லாரி ஓரம் கட்டி நின்றது.

முதலில் இந்த வீட்டுக்கு வர உனக்கு ரொம்ப சந்தோஷம் என்றேன். கை தட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைதட்டல் என்பது என்ன மாதிரி வஸ்து என்று உனக்குத் தெரியாது, நீ குப்பிகளோடு வேலை செய்கிறவள், குப்பி கை தட்டாது. கல்யாணத்துக்குப் பிறகு செடெனாக்கிலேயே இந்த வீட்டிலேயே இருப்பாள் என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்த வேகத்தில், மாத முடிவில் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு மாமியாருக்கு ஒத்தாசையாக வந்துவிடுவாள் என்றும் சொல்லிவிட்டேன். அப்போது யாரும் தட்டவில்லை. பிரமித்துப் போனார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள், சத்தமாகப் பேசச் சொல்கிறாள் என்று நினைத்து அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னேன்.

ராஜம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, இது அந்தப் பிள்ளையே சொன்னதா?” என்றார்.

“சம்பந்தியம்மா, நான் அவ சார்பாத்தானே வந்திருக்கேன்” என்றேன்.

“அப்ப எழுத்துல குடுத்துருவீங்களா?”

எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகவே பைக்குப் போனது, அதை நான் தடுத்திருக்க முடியாது, அது என் கையே இல்லை, முப்பத்து நாலு வருஷத்துக் கை. ஒரு தாளை வாங்கி, சாந்தினி வேலையை விடுகிறாள், செடெனாக்கில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி அழகாக எழுதி, பி.பி. போட்டு, கையெழுத்துப் போட்டு, வாயால் ஊதி, சாப்பும் குத்திக் கொடுத்தேன். ஜீவன் கையில் தே தாரேக் தேநீர்த் தட்டோடு நின்றவன் அப்படியே நின்றான். அவன் முகத்தில் இருந்தது ஆனந்தம் என்று நான் வேனில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். எல்லாரும் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை நீ கூப்பிட்டாய். அதை நான் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் என் தரப்பு எவ்வளவு உண்மையானது என்று காட்ட எழுதுகிறேன். “மாமா, மூணு வருஷம் வேலைக்கும் போயிட்டு வகுப்புக்கும் போயிட்டு, போன மாசம்தான் சூப்பர்வைசர் ஆனேன். ராஜம்மா ஆண்ட்டி போன் பண்ணி, எப்பம்மா ராஜினாமா கடிதம் குடுக்கிறேன்னு கேக்குறாங்க. நான் எப்ப மாமா சொன்னேன்?” என்றாய். நான், “தாயி, நான் சொன்னது ஆன் பிஹாஃப் ஆஃப்” என்றேன். “ஆன் பிஹாஃப் ஆஃப்-னா நான் உங்கள அனுப்பியிருக்கணும் மாமா. நான் தேதிக்குத்தான் அனுப்பினேன். மிச்சமெல்லாம் நீங்களே பேசினது. என் பேர்ல” என்றாய். கடைசியில், “இதைச் சரி பண்ணுற வரைக்கும் கல்யாணம் இல்ல. ஜீவன்கிட்டயும் சொல்லிட்டேன். அவனும் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கல” என்று வைத்துவிட்டாய். நீ கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நீ மெதுவாகப் பேசினாய். அதுதான் கொஞ்சம் இடித்தது.

இருந்தாலும் ஆங்கிலத்தில் நான் தோற்க முடியுமா? நேரே மார்கஸ் வாத்தியார் வீட்டுக்குப் போனேன், தீர்ப்பு என் பக்கம் வரும், அதை உனக்குப் படம் பிடித்து அனுப்பலாம் என்று. அவர் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் குழாயை மூடிவிட்டார்.

“காளி, இது ஒன்னும் கஷ்டம் இல்ல. ஒருத்தர் உன்னை அனுப்பி, அவங்களுக்காக, அவங்க சம்மதத்தோட நீ பேசினா அது ஆன் பிஹாஃப் ஆஃப். நீயே செஞ்சிட்டு வந்தா அது ஆன் த பார்ட் ஆஃப். இப்ப பாரு, ‘எ பிக் மிஸ்டேக் ஆன் த பார்ட் ஆஃப் காளியப்பன்’, இது சரியான இங்கிலீஷ். ‘ஆன் பிஹாஃப் ஆஃப் காளியப்பன்’னு எழுதினா, உனக்குப் பதிலா வேற எவனோ தப்பு பண்ணினான்னு ஆயிரும்.”

“அப்படி ஆள் யாராச்சும் கிடைப்பாங்களா வாத்தியாரே?”

“கிடைக்க மாட்டாங்க காளி.”

பிறகு குழாயைத் திறந்துகொண்டே, “அன்னிக்கே உன்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன், நீ எங்க மூச்சு விட்ட” என்றார். அவர் பக்கெட்டை ஒரு உதை விடலாமா என்று தோன்றியது. வாத்தியார் என்பதால் விட்டுவிட்டேன்.

சரி, இனிமேல் யாருக்காகப் பேசினாலும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுவது என்று அன்றைக்கே சபதம் செய்தேன். நீ சிரிக்காதே. அந்த வாரமே எங்கள் தெருவின் லோங்காங் மனு கொடுக்க வேண்டியிருந்தது, சாக்கடை நீர் ஓடாமல் நின்று அதில் கொசுக்கள் ஒரு பல்கலைக்கழகமே நடத்திக்கொண்டிருந்தன. வழக்கமாக நானே எழுதி, ‘நாற்பத்திரண்டு வீட்டார் சார்பாக’ என்று ஒரே குத்தாகக் குத்தி அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை நாற்பத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். மருமகளே, என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய தப்பு செய்ததில்லை, ஏனென்றால் எல்லாரும் பதில் சொன்னார்கள். பதினேழாம் எண் வீட்டு யோகேஸ்வரி கதவைப் பாதி திறந்துகொண்டு, “அங்கிள், போன வருஷம் இந்தத் தெருவுல நாய் வளக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் கேட்டோம்னு எழுதிக் குடுத்தீங்களாமே. எங்க வீட்ல மூணு நாய் இருக்கு அங்கிள்” என்றாள். மூன்றும் அவள் காலுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தன. அடுத்த வீட்டுச் சீன ஐயா, “அங்கிள், லோங்காங் ஓகே லா. யூ ரெஸ்ட் லா” என்றார். ஒரு வீட்டில் நிழல் மரத்தை வெட்டச் சொல்லி அவர்கள் பேரால் நான் போட்ட மனுவால் இப்போது காருக்குக் கூடாரம் போட்டிருக்கிறோம் என்றார்கள். பதினொரு வீடு முடியாது என்றது, ஒன்பது வீடு வேறு என்னென்னவோ கேட்டது, ஒரு வீடு நான் வேறு தாமானுக்குக் குடிபோக வேண்டும் என்று மனு கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற இந்தப் பன்னிரண்டு வருஷமாக நான் யார் சார்பாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆள்தான் தேறினான். அவனைத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஆகவே நேற்று முன்தினம் தனியாக பஸ் ஏறிச் செடெனாக் போனேன். கூட யாரும் வரவில்லை, நான் யாரையும் கூப்பிடவும் இல்லை. ராஜம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று, “சம்பந்தியம்மா, இன்னிக்கு நான் யார் சார்பாவும் வரல” என்றேன். “அப்ப உள்ள வாங்கண்ணே” என்றார். உள்ளே போனால் பின்னறை துடைத்து வைத்துக் காலியாக இருக்கிறது, கட்டிலுக்குப் புது விரிப்பு, அவருடைய தையல் மிஷின் அடுக்களைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது. உனக்காக ஒழித்த அறை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. உலகம் தோன்றிய நாள் முதல் காளியப்பன் வாய் உலர்ந்தது இதுவே முதல் தடவை, குறித்து வைத்துக்கொள். அன்று நான் சொன்னதில் தேதியைத் தவிர ஒன்றுகூட நீ சொன்னதில்லை, எல்லாம் என் கைச்சரக்கு, கைதட்டலுக்குச் சொன்னது என்று தமிழிலேயே சொன்னேன். அவர் வைவார் என்று காத்திருந்தேன்.

ராஜம்மா மிஷின் மேல் கையை வைத்தார். “நான் ஏன் எழுத்துல கேட்டேன் தெரியுமாண்ணே? எழுதுங்கன்னா ஆளு பயந்துக்கிட்டு நிறுத்திருவாருன்னு நெனச்சேன். நீங்க சாப்பு குத்துறீங்க.”

நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

“நான் கல்யாணத்துக்கு முந்தி சிங்கப்பூர்ல வேலை செஞ்சவதான். ரேடியோ கம்பெனி. விடியறதுக்கு முன்ன கம்பெனி பஸ் வரும், பதினாறு பொம்பளைங்க, பாட்டும் சிரிப்புமா போவோம். என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க பெரியப்பா எந்திரிச்சி, எங்க பொண்ணு வேலைய விட்ரும்னாரு. நான் அடுக்களையில தட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. விட இஷ்டமான்னு இன்னும் ஒருத்தரும் என்னைக் கேக்கல.” பிறகு, “அந்தப் பிள்ளைதான் விடுறேன்னு சொல்லுச்சுன்னு நெனச்சிக்கிட்டு, வேணாம்மான்னு எப்படிச் சொல்றது, நான் யாரு சொல்றதுக்குன்னு பத்து நாளா மனசுல போட்டுக்கிட்டு இருக்கேன். எப்ப ராஜினாமான்னு அன்னிக்குப் போன் பண்ணினதும் அதுக்குத்தான். பேச்சு வரும்னு பாத்தேன். அது டக்குன்னு போனை வச்சிருச்சு” என்றார்.

இப்போது புரிகிறதா, நீ விட விரும்பவில்லை, அவர் நீ விடுவதை விரும்பவில்லை, நடுவில் ஒரு சாப்பு உட்கார்ந்து உங்கள் இரண்டு பேரையும் பேசவிடாமல் செய்திருக்கிறது. அந்த நேரத்தில் ஜீவன் வந்தான். “நீ ஏன்டா அன்னிக்கு வாயைத் திறக்கல?” என்று அவனைப் பிடித்துக்கொண்டேன், யாரையாவது பிடிக்க வேண்டுமே. “சாந்தினிதான் உங்ககிட்ட சொல்லி அனுப்பிருக்கான்னு நெனச்சேன் மாமா. என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட சொல்லிருக்காளேன்னு இருந்துச்சு. சபையில எப்படிக் கேக்குறது” என்றான். நீங்கள் இரண்டு பேரும் பார்த்து வைத்திருந்த பெர்மாஸ் ஜெயா வீட்டை மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அது வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. அது என்னால் போன வீடு, மறைக்கவில்லை.

ராஜம்மா அந்தத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். “இதுல எழுதினது செல்லாதுன்னு கீழ எழுதுங்கண்ணே” என்றார். எழுதினேன். “கையெழுத்து?” என்றார். பி.பி. என்று போடப் போனேன், அவர் விரலை அந்த இடத்தில் வைத்து மறைத்துக்கொண்டார். “உங்களுக்காகப் போடுங்க” என்றார். முன்னால் ஒன்றுமில்லாமல் என் பேரை எழுத வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒரு லட்சம் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கை, ‘கா’வுக்குக் கால் போடுவதற்குள் வியர்த்துவிட்டது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. ராஜம்மா படித்துப் பார்த்துவிட்டு, “சின்னதாத்தான் இருக்கு, ஆனா உங்களுது” என்றார். “அந்தச் சாப்பையும் வச்சிட்டுப் போங்க.” வைத்துவிட்டு வந்தேன். தையல் மிஷினின் கால் ஒன்று ஆடுகிறதாம், அதற்கு அடியில் கொடுத்திருக்கிறார்.

ஆக, விஷயம் இதுதான். நீ வேலையை விட வேண்டியதில்லை. செடெனாக்கில் இருக்க வேண்டியதில்லை. மிஷின் நேற்றே பின்னறைக்குத் திரும்பிவிட்டது, நீ எப்போது வந்து தங்கினாலும் விருந்தாளியாகத் தங்கினால் போதும் என்று ராஜம்மா சொன்னார். இதை உன்னிடம் சொல்லும்படி அவரே சொல்லி அனுப்பினார். ஆகவே இந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமான, அசலான, மார்கஸ் வாத்தியார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத ஆன் பிஹாஃப் ஆஃப். கல்யாணத் தேதியை நீயும் ஜீவனும் பேசி முடிவு செய்து எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் சாப்பிட வருகிறோம்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அது எனக்கு ரொம்ப லேசாகப் போய்விடும். ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இன்று தொட்டு காளியப்பன் காளியப்பனுக்காக மட்டுமே பேசுவான். யார் பேரையும் வாயில் போட்டுக்கொள்ள மாட்டான். கூட்டத்தில் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவான். பத்தாயிரம் பேர் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும், இன்னொருவர் சார்பாக ஒரு கொட்டாவிகூட விடமாட்டான். இது உறுதி, இரும்பு, பாலத்துக் கல்.

உன் குப்பிகள் உடையாமல், நீ ஏறும் பஸ் பாலத்தில் நிற்காமல், உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் உன்னை மாதிரியே மெதுவாகப் பேசிக் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் காலம் வரட்டும். உன் அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள், விசிறி வழியாக. உன் அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் நானும் எழுதவில்லை.

இப்படிக்கு,
முன்னால் ஒன்றும் இல்லாத,
காளியப்பன்.

பின்குறிப்பு: உறையில் தபால்தலை இல்லாததை நீ கவனித்திருப்பாய். இதைச் சிங்கப்பூரில் உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ படிக்கிற இந்நேரம் வெளியே வராந்தாவில் நிற்பவன் ஜீவன். வர மாட்டேன் என்றுதான் சொன்னான். “அவ கோவமா இருக்கா மாமா, கூப்பிடாம எப்படிப் போறது” என்றான். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கோவமா? யார் சொன்னா? அவதான் சனிக்கிழமை காலையில உன்னை வரச் சொல்லி என்கிட்ட சொல்லி அனுப்பிருக்கா” என்று சொல்லிவிட்டேன். புதிதாக மூன்று வீடு பார்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறான், எதையும் முடிவு பண்ணவில்லை, நீ பார்க்க வேண்டுமாம். கதவைத் திற. பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இதை அவன் சொல்லவில்லை, அவன் சார்பாக நான்தான் சொல்கிறேன்.